பிம்ப்ரிக்கு வந்த ஆக்ஸ்போர்டுச் சண்டை

மருந்தின் தபால் – 9

புனேயிலிருந்து லோனாவாலா லோக்கலில் ஏறினால் சிவாஜிநகர், கட்கி, தாபோடி, காசர்வாடி என்று நின்று நின்று பிம்ப்ரி வந்து சேரும். இன்று மோட்டார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். பெரிய மோட்டார் கம்பெனிகள் வருவதற்கு முன்பே அங்கே வந்துவிட்டது இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘எச்.ஏ.’. 1954 மார்ச்சில் பதிவான அரசு கம்பெனி. அடுத்த ஆண்டே பெனிசிலின் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. இயந்திரங்களுக்கு யுனிசெஃப் கைகொடுத்தது, தொழில்நுட்பத்துக்கு உலக சுகாதார நிறுவனம். பெனிசிலினைப் பொறுத்தவரை எந்த வெளிநாட்டு மருந்து கம்பெனிக்கும் அதில் பங்கு கிடையாது.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? அதைப் புரிந்துகொள்ள லண்டனில் இருக்கும் சில காகிதக் கட்டுகள் வரை போக வேண்டும்.

பெனிசிலின் வரலாறு அங்கே சிதறிக் கிடக்கிறது. பெனிசிலினை முதலில் கண்ட ஃப்ளெமிங்கின் காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில். அதை மருந்தாக்கிய ஆக்ஸ்போர்டுக் குழுவின் தலைவர் ஃப்ளோரியுடையவை ராயல் சொசைட்டியில். உயிர்வேதியியலாளர்களான எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி இருவருடையவையும் வெல்கம் நூலகத்தில். நால்வரில் நோபல் கிடைக்காதவர் ஹீட்லி மட்டும்தான். எனக்குப் பிடித்த காகிதங்களும் அவருடையவைதான்.

1940-ல் ஆக்ஸ்போர்டில் பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் போதவில்லை. பிஸ்கட் டின், ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு வைக்கும் மலத்தட்டு என்று கிடைத்ததில் எல்லாம் வளர்த்துப் பார்த்தார்கள். கடைசியில் ஹீட்லியே ஒரு தட்டைப் பாத்திரத்தை வரைந்தார். பீங்கானுக்குப் பேர்பெற்ற ஸ்டோக் பகுதியில் தமக்குத் தெரிந்த டாக்டர் ஒருவருக்கு ஃப்ளோரி கடிதம் எழுத, அவர் பர்ஸ்லெமில் ஒரு பீங்கான் கம்பெனியைப் பிடித்துக் கொடுத்தார். டிசம்பர் 23 அன்று இரவல் வேனில் போய் 174 பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு வந்தார் ஹீட்லி. கிறிஸ்துமஸ் நாளிலேயே விதைப்பு. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, முதல் நோயாளியான ஒரு போலீஸ்காரருக்கு மருந்து ஏறியது. உடம்பு தேறிவந்த நேரத்தில் மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்துத் திரும்பச் செலுத்தியும் காப்பாற்ற முடியவில்லை.

செயின் வேறு ரகம். பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-லேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். ஃப்ளெமிங் 1929-ல் எழுதிய கட்டுரையை 1938 வாக்கில் தேடிப் பிடித்துப் படித்தவர் இவர்தான். ஆக்ஸ்போர்டுக் குழுவின் முதல் கட்டுரை 1940 ஆகஸ்டில் லான்செட் இதழில் வந்ததும், பார்க்க வருகிறேன் என்று ஃப்ளெமிங் போன் செய்தாராம். அந்த மனிதர் எப்போதோ இறந்துவிட்டார் என்றே செயின் நினைத்துக்கொண்டிருந்தார்!

செயினின் அப்பா ரசாயனத் தொழிலில் இருந்தவர். எதையாவது கண்டுபிடித்தால் முதல் வேலை காப்புரிமை என்பது ஜெர்மன் வேதியியலாளர்களுக்குக் கூடப் பிறந்த பழக்கம். பெனிசிலினுக்கும் வாங்கியே ஆக வேண்டும், நாம் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான் என்று செயின் மன்றாடினார். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் செயலாளர் எட்வர்ட் மெலன்பி அசையவில்லை. மருந்துக்குக் காப்புரிமை கேட்பது அறமாகாது என்றார். பணத்தாசை பிடித்தவர் என்ற பழி வேறு செயினுக்கு.

1941-ல் ஃப்ளோரியும் ஹீட்லியும் பூஞ்சையோடு அமெரிக்கா போனார்கள். பீயோரியாவில் இருந்த அரசு ஆய்வகத்தில் ஆண்ட்ரூ மோயரோடு ஹீட்லி வேலை பார்த்தார். மக்காச்சோள ஆலையில் மிஞ்சும் ஊறல் நீரைச் சேர்த்ததும் விளைச்சல் பெருகியது. மோயர் கட்டுரை வெளியிட்டபோது ஹீட்லியின் பெயரை விட்டுவிட்டார். உற்பத்தி முறைகளுக்கு 1948-ல் காப்புரிமையும் பெற்றார். ஆக்ஸ்போர்டில் பிறந்த மருந்தை ஆழ்தொட்டியில் தயாரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகள் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ராயல்டி கட்டின. செயினுக்கு இந்த ஆத்திரம் கடைசிவரை ஆறவில்லை.

புகழும் கைமாறியது. 1942 ஆகஸ்ட் 31 அன்று டைம்ஸ் நாளிதழில் ஃப்ளெமிங்கின் மேலதிகாரி ஆல்ம்ராத் ரைட் எழுதிய கடிதம் மாலையை ஃப்ளெமிங்கின் கழுத்தில் போட்டது. மறுநாளே ஆக்ஸ்போர்டிலிருந்து ராபர்ட் ராபின்சன் பதில் எழுதியும் பலனில்லை. ஃப்ளோரி நிருபர்களைக் கண்டாலே ஒதுங்குகிறவர். நம் பள்ளிப் பாடங்களில் ஃப்ளெமிங் மட்டும் இருப்பதற்கு அந்தக் கடிதத்துக்கும் இந்தக் கூச்சத்துக்கும் கணிசமான பங்கு உண்டு.

போர் முடிந்தபோது இந்தியா பெனிசிலினை வெளியே வாங்கும் நாடாக இருந்தது. பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தை 1932 முதல் நடத்திய மேஜர் ஜெனரல் சாகிப் சிங் சோக்கியும் ஓர் உயிர்வேதியியலாளர்தான். 1950-ல் உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநர்களில் ஒருவரானார். மருந்துத் தொழில்நுட்பம் கம்பெனிகளின் பூட்டுக்குள் இருக்கக்கூடாது, ஏழை நாடுகள் தாமே தயாரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிம்ப்ரி ஆலை அந்தக் கட்சியின் பிள்ளை.

செயின் காப்புரிமை வேண்டும் என்றார், சோக்கி கூடாது என்றார். எதிரெதிராகத் தெரிகிறது. என் கணக்கில் இருவரும் சரி, தவறியவர் மெலன்பிதான். பொது நிறுவனம் ஒன்று காப்புரிமையைக் கையில் வைத்திருந்தால் வேண்டியவர்க்குச் சும்மா கொடுக்கலாம். வாங்காமல் விட்ட காப்புரிமை யாரோ ஒருவரின் பெட்டிக்குள் போய்ச் சேரும். மெலன்பியின் அறத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பங்கில்லை என்ற நிலையில் பிம்ப்ரியும் நீடிக்கவில்லை. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அரசு அமெரிக்காவின் மெர்க் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. சோக்கியின் வாதம் சட்டமாக மாற இன்னும் காலம் பிடித்தது. அதற்கு வழி போட்டவர் ஒரு தமிழர்: நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார், 1959-ல் அளித்த அறிக்கையில். அதையொட்டி வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிப்பு முறைக்கு மட்டுமே என்றது. இந்திய மருந்து கம்பெனிகள் தழைத்தது அந்த நிழலில்தான். 2005-ல் பொருளுக்கான காப்புரிமை திரும்ப வந்தது. அதற்குள் எச்.ஏ. நலிந்த பொதுத்துறை நிறுவனங்களின் பட்டியலுக்குப் போயிருந்தது.

நலிவதற்கு முன் அங்கே சொந்தக் கண்டுபிடிப்பும் நடந்தது. எம். ஜே. திருமலாச்சாரும் குழுவினரும் கண்டெடுத்த ஒரு மண் நுண்ணுயிர், பிம்ப்ரியின் பெயரையே தாங்கி ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா ஆனது. அதிலிருந்து வந்தது ஹாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து. அடுத்த வாரம் அந்த மண்ணைக் கிளறுவோம்.

(தொடரும்)