ஒரு பின்னத்தின் பெறுமதி

விளையாட்டு வீரர்களின் வரலாற்றுக்கு இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே சிலர் உளர். அவர்கள் முன் நான் ஒரு கணக்கை வைக்கிறேன். 7 ஐ 6 ஆல் வகுத்தால் வருவது பெரிதா, 9 ஐ 8 ஆல் வகுத்தால் வருவது பெரிதா? எட்டாம் வகுப்பு மாணவனும் விடை சொல்லிவிடுவான். அவ்விரு பின்னங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இருபத்துநான்கில் ஒரு பங்கு மாத்திரமே. ஆனால், 1976 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 14 ஆம் நாள், ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரிலே, அந்தச் சிறு பங்கு ஒரு நாட்டுக்கு ஒலிம்பிக் வெண்கலப் பதக்கத்தை வழங்கிற்று. இன்னொரு நாட்டை வெறுங்கையோடு ஊருக்கு அனுப்பிற்று. பதக்கம் பெற்றவர்களுள் ஒருவரே ஏரிக் கியூன்ஹாக்கிள் என்னும் ஜேர்மானிய ஐஸ் ஹொக்கி முன்னணி ஆட்டக்காரர்.

நாம் அறிந்த ஹொக்கி புற்றரையில் ஆடுவது. இதுவோ உறைந்த பனித்தளத்தின்மேல், அடியில் எஃகுத் தகடு பொருத்திய சப்பாத்துகளோடு சறுக்கி ஆடுவது. காவலன் உட்பட ஒரு பக்கத்துக்கு அறுவர். பந்துக்குப் பதிலாகக் கடினமான இறப்பர் வட்டு. இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள். ஒருவர்மீதொருவர் உடலால் மோதுவதும் இவ்வாட்டத்தில் குற்றமன்று. இத்தகைய ஆட்டத்திலே 1.96 மீற்றர் உயரமுள்ள ஒரு மனிதர் பாய்ந்து வருவதை எண்ணிப் பாருங்கள். ஜேர்மானியர் அவருக்கு இட்ட பட்டப்பெயர் 'சறுக்குத் தகட்டின்மேல் ஓர் உடுப்பு அலுமாரி' என்பது. ஆயினும் அலுமாரிக்குக் கையில் நுட்பம் இராது, இவருக்கு இருந்தது. பெருத்த உடலையும் நுண்ணிய கையையும் ஒருங்கே பெற்றவர் எவ்விளையாட்டிலும் அரியர்.

அவர் பிறந்தது 1950 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆம் நாள், மேற்கு போஹீமியாவிலுள்ள சிதித்சே என்னும் சிற்றூரில். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு செக்கோசிலோவாக்கியாவிலிருந்து ஏறக்குறைய முப்பது இலட்சம் ஜேர்மானியர் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக ஜேர்மன் மொழி ஒலித்த ஊர்கள் வெறிச்சோடின; எஞ்சியோர் மிகச் சிலரே. கியூன்ஹாக்கிள் எல்லை கடந்து பவேரிய மாநிலத்தின் லான்ட்ஸ்ஹூட் நகரை அடைந்தது 1968 இல். பிராக் நகரத் தெருக்களில் சோவியத் தாங்கிகள் உருண்ட அதே ஆண்டு. வந்தவருக்கு வயது பதினெட்டும் நிரம்பியிருக்கவில்லை. ஈசார் நதிக்கரையிலுள்ள அப்பழைய நகரின் கழகம் 1970 இல் நாட்டின் சம்பியனாயிற்று. புதிதாய் வந்த இளைஞன் இரண்டே ஆண்டில் ஊர்ப்பிள்ளையாகிவிட்டான்.

இனி இன்ஸ்புரூக். பதக்கங்களுக்காகப் பொருதிய நாடுகள் ஆறு: சோவியத் யூனியன், செக்கோசிலோவாக்கியா, மேற்கு ஜேர்மனி, பின்லாந்து, அமெரிக்கா, போலந்து. கனடாவும் சுவீடனும் வரவில்லை. சோவியத் வீரர்கள் பெயரளவிலேயே அமெச்சூர்கள் என்பது அவற்றின் குறை. வல்லவர் இருவர் வராத களத்திற் பெற்ற பதக்கம் என்று இதனைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அமெரிக்காவோடு இறுதி ஆட்டத்தில் மோதுமுன் மேற்கு ஜேர்மனி போலந்தை மட்டுமே வென்றிருந்தது. சோவியத்திடமும் செக்குகளிடமும் தோற்றிருந்தது. பின்லாந்திடமும் 3–5 என்று தோற்றிருந்தது. பின்லாந்தோ அமெரிக்காவிடம் 4–5 என்று தோற்றிருந்தது.

ஜேர்மானியரின் பயிற்சியாளர் க்சாவர் உன்சின், சிறுகட்டத் துணியில் தைத்த தொப்பியாற் புகழ்பெற்றவர். உன்சின் என்றால் அவர்கள் மொழியில் 'பிதற்றல்' என்று பொருள். இப்பெயரோடு ஒருவர் நாட்டின் பயிற்சியாளராக உயர்ந்தாரெனில் அவர் திறமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இறுதி நாளில் அவருடைய அணி அமெரிக்காவை 4–1 என வென்றது. வென்றும் வீரர்கள் தலைகுனிந்தே தளத்தைவிட்டு நீங்கினர். பதக்கம் கைதவறிப் போயிற்று என்றே எண்ணியிருந்தனர். பின்பே கணக்குப் பார்க்கப்பட்டது. மூன்று நாடுகளும் சமமாக நான்கு புள்ளிகள். அம்மூன்றும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மாத்திரம் எடுத்து, அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பது அக்கால விதி. மேற்கு ஜேர்மனி அடித்தது 7, வாங்கியது 6. பின்லாந்து அடித்தது 9, வாங்கியது 8. அமெரிக்கா 6க்கு 8. ஜேர்மானியர் பின்லாந்தை முந்திய அளவு 0.041. ஜேர்மன் விளையாட்டுலகம் இன்றும் அந்தத் தசமத்தை மறக்கவில்லை.

இதனை அதிர்ஷ்டம் என்பவர்களோடு நான் உடன்படுவதற்கில்லை. வகுத்தலுக்குப் பதிலாகக் கழித்தல் விதியாக இருந்திருப்பின் இரு நாடுகளும் ஒரு கோல் மிகுதியோடு சமமாயிருக்கும். கூடிய கோல் அடித்தவர் யாரெனப் பார்த்தால் பின்லாந்தே முந்தியிருக்கும். இது மெய். ஆனால் கணக்கை மறுபுறமிருந்து பாருங்கள். அமெரிக்கர் இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் 7க்கு 7. ஜேர்மானியர் ஒன்று குறைய அடித்திருந்தால் 6க்கு 6. இரண்டிலும் பதக்கம் இல்லை. பின்லாந்திடம் தோற்ற ஆட்டத்தில் அடித்த மூன்று கோல்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று அவற்றை யார் மதித்திருப்பர்? தோற்றவன் அடித்த கோல் யாருக்குப் பயன்? எனினும் அவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் வெண்கலம் பின்லாந்துக்கே போயிருக்கும். தோல்வி உறுதியான பின்னும் சோராமல் ஆடியதன் விலை அந்த 0.041 என்றே நான் கொள்ளுகிறேன்.

அதன்பின் கியூன்ஹாக்கிள் கொலோன் நகரக் கழகத்துக்குச் சென்றார். அக்கழகம் 1977 இலும் 1979 இலும் சம்பியனாயிற்று. பின்பு லான்ட்ஸ்ஹூட்டுக்கே மீண்டார். மீண்ட பருவத்தில் 48 ஆட்டங்களில் 83 கோல்கள் அடித்தார். சகாக்கள் அடிப்பதற்கு வழிசெய்து கொடுத்தவை 72. ஆகமொத்தம் 155 புள்ளிகள். மேற்கு ஜேர்மன் லீக்கில் அவருடைய முழு வாழ்க்கைக் கணக்கு 774 ஆட்டங்கள், 724 கோல்கள், பிறர்க்கு உதவியவை 707. அடித்ததும் அடிக்கக் கொடுத்ததும் ஏறத்தாழச் சமமாயிருப்பதைக் கவனியுங்கள். தானே அடித்துப் பெயர் வாங்கும் வலிமை இருந்தும் வட்டைத் தோழனிடம் தள்ளிவிட்ட மனிதரை இந்த இரண்டாம் எண்ணிலேதான் நான் காண்கிறேன். நாட்டுக்காக ஆடியவை 211 ஆட்டங்கள், 131 கோல்கள்.

1983 இல் லான்ட்ஸ்ஹூட் மீண்டும் சம்பியனாக, மறு ஆண்டு சரயேவோ ஒலிம்பிக் வந்தது. முப்பத்து மூன்று வயதில் அங்கே அவர் 8 கோல்களும் 6 உதவிகளுமாக 14 புள்ளிகள் பெற்று, சோவியத் வீரர் உட்பட எல்லாரையும் விஞ்சி முதலிடத்தில் நின்றார். பயிற்சியாளர் மீண்டும் உன்சின். மேற்கு ஜேர்மனியும் சுவீடனும் 1–1 என்று சமநிலை கண்டன. பிரிவின் முடிவில் இரு நாடுகளுக்கும் ஏழேழு புள்ளிகள். மறுபடியும் கோல் கணக்கு! இம்முறை கழித்தல், இம்முறை கணக்கு சுவீடன் பக்கம். இன்ஸ்புரூக்குக்கு வராதிருந்த சுவீடன் பதக்கச் சுற்றுக்குச் சென்று வெண்கலத்தையும் வென்றது. ஜேர்மானியருக்கு எஞ்சியது ஐந்தாம் இடத்துக்கான ஆட்டம். எதிரி யார் என்கிறீர்கள்? பின்லாந்து. 7–4 என வென்றனர்.

பிறகு இரண்டு ஆண்டுகள் சுவிற்சர்லாந்தின் ஓல்ட்டன் கழகத்தில் ஆடி, திரும்பி வந்து 1989 இல் லான்ட்ஸ்ஹூட்டிலேயே ஓய்வு பெற்றார். உலக ஐஸ் ஹொக்கிச் சம்மேளனம் 1997 இல் அவரைத் தன் புகழ் மண்டபத்திற் சேர்த்தது. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஜேர்மன் ஐஸ் ஹொக்கி வீரர் என்ற பெயரும் அவருக்கே வழங்கப்பட்டது. போஹீமியச் சிற்றூரிலிருந்து வந்தவரை அந்நாடு அவ்வாறு தன்னவராக்கிக் கொண்டது.

அவருடைய மகன் தொம், தந்தை ஒருநாளும் ஆடியிராத வட அமெரிக்க லீக்கிலே பிற்ஸ்பேர்க் அணிக்காக ஆடி, 2016 இலும் 2017 இலும் ஸ்டான்லி கிண்ணத்தை ஏந்தினார். 2018 இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில், நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின் ஜேர்மனி மீண்டும் ஒலிம்பிக் ஐஸ் ஹொக்கிப் பதக்கம் வென்றது, அதுவும் வெள்ளி. அந்த அணியின் பட்டியலில் கியூன்ஹாக்கிள் என்ற பெயர் இல்லை. வட அமெரிக்க லீக் அவ்வாண்டு தன் வீரர் எவரையும் ஒலிம்பிக்குக்கு விடுவிக்கவில்லை.