பூனையின் காதோரம் ஒரு துளி

நீரிழிவு பூனைகளையும் பற்றும் என்றால் பலர் நகைப்பர். எங்கள் வீட்டுப் பூனைக்கு நாள்தோறும் இருமுறை இன்சுலின் ஏற்ற வேண்டுமென விதித்த மிருக வைத்தியர், அதன் குருதிச் சீனியை வீட்டிலேயே அளக்கவும் எனக்குக் கற்பித்தார். அச்சமுற்ற பூனையின் குருதியிற் சீனி தானே உயரும். ஆதலால், வைத்தியசாலையிற் காணும் எண்ணை மட்டும் நம்புதல் தகாது.

காதை உள்ளங்கையால் வெதுப்பி, விளிம்பு நாளத்தின் அருகே ஊசிமுனையால் மெல்லக் குத்தினால் ஒரு துளி அரும்பும். கருவிக்கு அதுவே போதும்.

ஒருநாட் காலை, டெசிலீற்றருக்கு 62 மில்லிகிராம் எனக் கருவி காட்டிற்று. இன்சுலினை நிறுத்தி, உணவூட்டி, வைத்தியரை அழைத்தேன். அன்று அளவாதிருந்தால், வழக்கமான மருந்தே அவ்வுயிருக்கு நமனாகியிருக்கலாம். 1921 இல் ரொறன்ரோவிற் பிரித்தெடுக்கப்பட்ட இன்சுலின் எத்தனையோ உயிர்களைக் காத்தது. எனினும், அமுதத்திற்கும் அளவுண்டு அன்றோ!