குடிப்பழக்கத்தைக் குறைப்பது எவ்வாறு?

குடியின் தீமையைப் பற்றி நம் நாட்டில் கூறாதவர் இல்லை. மேடையிலும், பள்ளிப் புத்தகத்திலும், சுவரொட்டியிலும் அது போதிய அளவு கூறப்பட்டுவிட்டது. குடிப்பவரும் அதனை அறிவர். பிறரைக் காட்டிலும் நன்றாகவே அறிவர். விட விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் அவருக்கு விளங்குவதில்லை. ‘விட்டுவிடு’ என்பது கட்டளையேயன்றி வழியாகாது. அவ்வழியைப் பற்றி இன்றைய மருத்துவ அறிவு கூறுவனவற்றை, நெசவாளரும் உழவருமாகிய நம் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டுறவு இதழில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். கூட்டுறவு இயக்கம் தோன்றிய நாளிலேயே இதற்கு இடம் இருந்தது. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களுள் பலர் பிளானல் துணி நெய்யும் நெசவாளர். அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் அவர்கள் ஒரு சிறு கடையைத் திறந்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கத் தொடங்கினர். சங்கத்தின் முதல் விதிகளில் அவர்கள் வகுத்த நோக்கங்களுள் ஒன்று, குடியற்ற வாழ்வை வளர்க்கும் பொருட்டுச் சங்கத்தின் கட்டடம் ஒன்றில் மது விற்காத விடுதி ஒன்றைத் திறக்க வேண்டும் என்பதாகும். குடிக்காதே என்று சொல்வதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நாள் முழுவதும் தறியில் இருந்தவன் மாலையில் எங்கே சென்று நண்பரோடு அமர்வான் என்பதையும் எண்ணிப் பார்த்தனர்.

நம் பகுதியில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தில் கதர்ப் பணியும் மதுவிலக்குப் பிரசாரமும் சேர்ந்தே நடைபெற்றன. 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் ஜில்லாவிலும், 1948 அக்டோபர் 2-ஆம் நாள் முதல் மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள் இறக்கும் தொழிலை இழந்தவர்களுக்காக, பதநீர் காய்ச்சி வெல்லம் செய்யும் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. 1971-இல் விலக்கு நீக்கப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் கடைகள் மறுபடியும் திறக்கப்பட்டன. இவற்றுள் எது தக்க சட்டம் என்பது இங்கே பொருள் அன்று. சட்டம் பலமுறை மாறியிருக்கிறது. பழக்கத்தை ஆள்வது ஒவ்வொருவரும் தாமே கற்க வேண்டிய தொழிலாகவே இருந்து வருகிறது.

அளவை அறிதல்

எத்தொழிலுக்கும் அளவு முதன்மையானது. பாவின் நீளமும் நூலின் எண்ணும் தெரியாமல் எவரும் தறி பூட்டுவதில்லை. ஆனால் தாம் குடிக்கும் அளவை அறிந்தவர் மிகச் சிலர். மருத்துவர் 10 கிராம் சுத்தச் சாராயத்தை ஓர் அளவாகக் கொள்கின்றனர். ‘குவார்ட்டர்’ என வழங்கும் 180 மில்லி லிட்டர் புட்டியில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம் இருப்பின், அது ஏறக்குறைய 61 கிராம், அதாவது 6 அளவு. நூற்றுக்கு 8 பங்கு வலிமையுள்ள 650 மில்லி லிட்டர் பீர் ஏறக்குறைய 4 அளவு. ‘பீர் மட்டும்தான்’ என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்பவர் இதனைக் கருதுவாராக.

ஓர் அளவைக் கரைத்து வெளியேற்றக் கல்லீரலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். மோரோ, எலுமிச்சையோ, காப்பியோ, குளிர்ந்த நீரில் குளிப்பதோ அவ்வேலையை விரைவுபடுத்துவதில்லை. ஆகவே, இரவு 9 மணிக்குக் குவார்ட்டர் ஒன்றை முடித்தவரின் உடலில் விடியற்காலை 3 மணி வரையிலும், சிலருக்கு அதற்குப் பின்னும், போதை தங்கியிருக்கும். உடல் அலுப்புக்கும் தூக்கத்திற்கும் என்று குடிப்பவர் பலர். மது விரைவில் கண்ணயரச் செய்வது உண்மையே. ஆயினும் பின்னிரவுத் தூக்கத்தை அது துண்டு துண்டாக்கிவிடுகிறது. காலையில் அலுப்பு மிகுகிறது. அவ்வலுப்பே மாலையில் மீண்டும் குடிக்கக் காரணமாகிறது.

எவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று கேட்போருக்கு, தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ஆதலின் முற்றிலும் விடுவதே சிறந்தது. எனினும், குறைக்கும் ஒவ்வோர் அளவும் உடலுக்கு நன்மையே.

கணக்கு எழுதுதல்

முதல் வாரத்தில் எதையும் விட முயல வேண்டா, எழுதினால் போதும். ஒரு சிறு நோட்டில் நாள், மணி, அளவு, செலவு, உடன் இருந்தவர், அதற்கு முன் நிகழ்ந்தது என ஆறு பத்திகள் இட்டு ஒழுங்காகக் குறித்து வருக. ஏழு நாள் சென்றபின் அதனைப் படித்தால், நாம் விரும்பியபோதெல்லாம் குடிப்பதாக எண்ணியது தவறு என்பது புலப்படும். பெரும்பாலும் அதே மணி, அதே வழி, அதே இருவர் அல்லது மூவர், அதே வெறும் வயிறு. பழக்கம் என்பது இத்தகைய கட்டுகளால் ஆனது. எந்தக் கட்டை முதலில் அவிழ்ப்பது எளிது என்பதை அந்நோட்டே காட்டிவிடும்.

செலவுப் பத்தியையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 150 ரூபாய் வீதம் மாதத்தில் 26 நாள் என்று கொள்வோம். மாதம் 3,900 ரூபாய். ஆண்டுக்கு 46,800 ரூபாய். இத்தொகையைச் சங்கத்தில் கேட்டால் அது பெருங்கடன். ஜாமீன் வேண்டும், தீர்மானம் வேண்டும். நாள்தோறும் கையை விட்டுப் போகும்போது மட்டும் அது சில்லறையாகத் தோன்றுகிறது. 26 நாளை 13 நாளாக்கினாலும் ஆண்டுக்கு 23,400 ரூபாய் வீட்டில் நிற்கும். குடிக்காத நாளின் தொகையை அன்றன்றே உண்டியலில் இட்டு, மாத முடிவில் தொடர் வைப்பில் கட்டி வருவது நன்று. கண்ணால் காணும் சேமிப்பு மன உறுதிக்குத் துணை செய்யும்.

செலவைக் குறைப்பதாக எண்ணி மலிவான கள்ளச் சாராயத்தை நாடுவது எவ்வகையிலும் குறைப்பதாகாது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாவால் சுவைத்து அந்நஞ்சை அறிய இயலாது.

கூலி நாளும் மாலை வேளையும்

நோட்டு எழுதிய பலருக்கும் அளவு மிகுந்த நாள் கூலி நாளாகவே இருக்கும்; உழவருக்கு விளைபொருள் விற்ற நாள். ஆதலின் அந்நாளுக்கு முன்னரே ஏற்பாடு செய்தல் வேண்டும். தொகையைக் கையில் பெறாமல் வங்கிக் கணக்கில் பெறலாம். துணி கொடுக்கச் செல்லும்போது மனைவியையோ வளர்ந்த பிள்ளையையோ உடன் அழைத்துச் செல்லலாம். மளிகைக் கடை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை அன்றே தீர்த்துவிடலாம். வழக்கமான கடைத்தெருவைத் தவிர்த்து வேறு வழியாகத் திரும்பலாம். இவை அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆசை எழுந்தபின் அதனோடு போராடுவதைவிட, அது எழும் இடத்தையும் வேளையையும் மாற்றுவது எளிது.

மாலையில் தறியைவிட்டு எழுந்தவுடன் வயிறார ஏதேனும் உண்ண வேண்டும். பசி ஆசையைத் தூண்டும். வெறும் வயிற்றில் போதையும் விரைவில் ஏறும். ஆசை எழுந்தால் அது பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் தணிந்துவிடும். அந்த அரைமணிக்கு உரிய வேலையை முன்னரே தீர்மானித்து வைத்தல் வேண்டும்: சுக்குக் காப்பி, குளியல், நடை, வாசகசாலை, பிள்ளைகளின் பாடம், எதுவாயினும் ஆகும். அழைக்கும் நண்பருக்குச் சொல்ல வேண்டிய விடையையும் முன்னரே ஆயத்தம் செய்து கொள்க. ‘மருத்துவர் வேண்டாம் என்றார்’ என்பது போதும். நீண்ட சமாதானம் விவாதத்தில் கொண்டுபோய் விடும்.

இடையில் ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று மறுநாளும் குடிப்பவர் உண்டு. ஓர் இழை அறுந்தால் நெசவாளன் பாவையே அறுத்தெறிவதில்லை. முடிந்துகொண்டு மேலே நெய்கிறான். தவறிய நாளையும் நோட்டில் எழுதி, காரணத்தைக் கண்டு, மறுநாள் தொடர்வதே முறை.

தனியே விடலாகாதவர்

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம். மேற்கூறியவை எல்லோருக்கும் பொருந்தா. பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், அந்நடுக்கம் தீரக் காலையிலேயே குடிப்பவர், முன்னர் நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ கண்டவர் ஆகியோர் வீட்டிலிருந்தபடி ஒரேயடியாக நிறுத்தலாகாது. நிறுத்திய 6 மணி முதல் 24 மணி நேரத்திற்குள் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை, இல்லாததைக் காண்பதும் ஆளறியாமல் பிதற்றுவதும் நேரலாம். இது பேய் பிடித்ததன்று. உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மருத்துவர் கண்காணிப்பில் உரிய மருந்தும் தயாமின் என்னும் உயிர்ச்சத்தும் பெற்று நிறுத்தினால் இவ்வாபத்தைப் பெரிதும் தவிர்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இச்சிகிச்சை உண்டு. 14446 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

குடிப்பவர் அறியாமல் சோற்றில் மருந்து கலந்து கொடுக்கும் வழக்கமும் சில குடும்பங்களில் உண்டு. டைசல்பிரம் போன்ற மருந்தை உண்டவர் அதனை அறியாமல் குடித்தால், வாந்தியும் மார்புத் துடிப்பும் கண்டு, இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் போகவும் கூடும். நோயாளி அறிந்து இசைந்து, மருத்துவர் சொற்படி உண்பதற்கே அது உரியது.

வீட்டாரும் சங்கமும்

போதையில் இருப்பவரோடு வாதிடுவதால் பயனில்லை. காலையில், தெளிந்த மனத்தோடு இருக்கும்போது, ‘உங்களுக்கு இதில் வருத்தம் தருவது எது? குறைத்தால் எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டு அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்க வேண்டும். பிறர் அடுக்கும் காரணம் நூறாயினும், தாமே வாய்விட்டுச் சொன்ன ஒரு காரணமே ஒருவரை நகர்த்தும்.

இங்ஙனம் பேசுவதற்குப் பெரிய பட்டம் வேண்டுவதில்லை. கோவா மாநிலத்தில் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீங்கு விளையும் அளவில் குடித்த ஆடவர் 377 பேரை இரு பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2017-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றனர். மற்றப் பிரிவினரோடு, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் நான்கு முறைக்கு மேற்படாமல் அமர்ந்து பேசினர். மூன்று மாதம் சென்றபின், முந்தைய 14 நாட்களில் சிறிதும் குடிக்காதவர் முதற் பிரிவில் நூற்றுக்கு 18 பேர். இரண்டாம் பிரிவில் 42 பேர். நான்கு முறை முறையாகப் பேசியதன் பயன் இது.

சங்கங்கள் செய்யக்கூடியவையும் சில உள. தணிக்கையின்போது நிலுவைப் பட்டியலைக் காண்போர், பாவு எடுத்துச் சென்று துணி கொண்டுவராத பெயர்களுள் சில ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவதை அறிவர். அப்பெயருக்கு நோட்டீசு அனுப்புவதோடு நம் கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். அதனோடு, அவர் நம்பும் அங்கத்தினர் ஒருவர் ஒருநாள் காலையில் அவர் வீட்டிற்குச் சென்று பேசுவது நிலுவை வசூலுக்கும் உதவும். பட்டுவாடாவை மாலையில் வைக்காமல் காலையில் வைத்துக்கொள்ளலாம். அங்கத்தினர் எழுத்து மூலம் இசைந்தால் கூலியில் ஒரு பகுதியைச் சேமிப்புக்கு மாற்றலாம். இசைவின்றிப் பிடித்தம் செய்வதோ, கூலியை வேறொருவரிடம் கொடுப்பதோ முறையன்று. மாலையில் சங்கக் கட்டடத்தின் ஓர் அறையைத் திறந்து, செய்தித்தாளும் விளக்கும் தேநீரும் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. விட முயல்பவருக்குச் சென்று அமர ஓர் இடம் அதனால் கிடைக்கும்.

குடிப்பவரைச் சங்கத்திலிருந்து ஒதுக்குவது எளிது. ஒதுக்கப்பட்டவருக்கு எஞ்சும் ஒரே சங்கம் கடையில் கூடும் சங்கமே. ஆதலின் அவரை நம் நடுவில் வைத்துக்கொண்டே உதவ வேண்டும். இதனைப் படிக்கும் அன்பர்களுள் குறைக்க விரும்புவோர் அடுத்த கூலி நாள்வரை காத்திராமல், இன்றே ஒரு நோட்டு வாங்கி முதல் வரியை எழுதத் தொடங்குவார்களாக.