மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேனா நண்பர்

தபால் வரும் நேரம் – 11

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் கடிதம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி வரும். தோழனுக்கு வாழ்த்து மடல், நாளிதழ் ஆசிரியருக்கு வேண்டுகோள், ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் என்று இருக்கும். எழுதுகிற பிள்ளை தன் பெயரையோ ஊரையோ விடைத்தாளில் காட்டிவிடக் கூடாது. அதனால் ‘அ அ அ’ என்று ஒரு பெயரைப் போட்டுக்கொண்டு, இல்லாத தெருவில் இல்லாத கதவெண்ணில் குடியேறி, அங்கிருந்து ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்க வேண்டும்.

விதியைக் குறை சொல்ல முடியாது. திருத்துபவருக்கு யார் தாள் என்று தெரியக் கூடாதுதான். ஆனால் கடிதம் என்றாலே இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை பள்ளியை விட்டு வெளியேறினால் அது பெரிய நஷ்டம். எழுதியவர் யாரென்று தெரியாது, யாருக்கும் போய்ச் சேராது, பதிலும் வராது. அதற்குப் பெயர் கடிதமா?

சிறுவர் பத்திரிகைகளின் பேனா நண்பர் பக்கங்களைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். பெயர், வயது, வீட்டு முகவரி, பொழுதுபோக்கு என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். பொழுதுபோக்கு பெரும்பாலும் ‘தபால்தலை சேகரித்தல்’. இன்றைக்கு எந்தப் பத்திரிகையும் ஒரு குழந்தையின் வீட்டு முகவரியை அப்படிப் போடாது, போடவும் கூடாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முகவரி இருக்கிறதே! வகுப்புக்கு வகுப்பு எழுதிக்கொள்ள அது போதும். இந்த வாரம் சின்னமனூர்ப் பிள்ளைகளின் கையில் அந்தப் பேனாவைக் கொடுத்துப் பார்ப்போம்.

முகவரியிலிருந்தே தொடங்கலாம். சின்னமனூர் 625515. இந்தியாவில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்து தனியாக இயங்கத் தொடங்கியது 1997 ஜனவரி 1 முதல். மாவட்டம் பிரிந்தாலும் தபால் எண் பிரியவில்லை. மதுரைக்காரர் எழுதுகிற அதே 625-ஐத்தான் சின்னமனூர்க்காரரும் எழுதுகிறார். தன் முகவரியில் பழைய மாவட்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதையே ஒரு பிள்ளை முதல் கடிதத்தில் எழுதலாம்.

எழுதுமா? முதல் கடிதத்தில் எழுதாது. ‘எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர்’ என்றுதான் ஆரம்பிக்கும். கிழக்கே மேகமலை, மேற்கே இன்னொரு மலை, நடுவே முல்லையாறு, ஊருக்குள் பூலாநந்தீஸ்வரர் கோயில், பக்கத்தில் குச்சனூர் சனீஸ்வரர், கொஞ்சம் தள்ளிச் சுருளி அருவி. வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரி இருக்கும் அந்தக் கடிதம். அதில் தப்பில்லை, முதல் கடிதம் யாருக்கும் அப்படித்தான் வரும். ருசி தொடங்குவது பதில் வந்த பிறகு.

எதிர்முனையில் இருக்கும் பிள்ளை கேள்வி கேட்கும். கோயில் என்றால் அதில் என்ன விசேஷம்? அப்போதுதான் இந்தப் பிள்ளை வீட்டில் ஆத்தாவிடம் போய் விசாரிக்கும். பார்க்கிறவர் எவ்வளவு உயரமோ அந்த உயரத்துக்குத் தக்கபடி காட்சி தருகிற லிங்கம், அதனால்தான் ‘அளவுக்கு அளவானவர்’ என்று பெயர் என ஆத்தா சொல்வார். அடுத்த நாள் வகுப்பில் குள்ளமானவனும் நெட்டையானவனும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்தச் சண்டையை அப்படியே எழுதினால் அதுதான் கடிதம்.

ஊரில் என்ன விளையும் என்று கேட்டால் நெல், வாழை, வெற்றிலை, திராட்சை என்று நாலு சொல்லில் முடித்துவிடலாம். ‘வெற்றிலை செடியா, மரமா?’ என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி கேட்டுவிட்டால் முடிக்க முடியாது. கொடிக்காலுக்குள் போய் நிற்க வேண்டும். அகத்தியை வளர்த்து அதன்மேல் கொடியை ஏற்றிவிட்டிருப்பதையும், உச்சி வெயிலிலும் உள்ளே தரை ஈரமாக இருப்பதையும், கொழுந்தைக் கிள்ளுகிற கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையும் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும். கொடிக்கால்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் ‘எங்கள் ஊர்’ கட்டுரையில் அவன் இதை எழுதவே மாட்டான். தன் அப்பா செய்கிற வேலை கட்டுரைக்குரிய விஷயம் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

வாழை மண்டி, மலைமேல் ஹைவேவிஸுக்குப் போகிற பஸ், ஆனி ஆடியில் சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளுகிற காற்று, அதோடு வருகிற சாரல் எல்லாமே இந்த வகைதான். மேகமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே மணலாறு, மகாராஜா மெட்டு, இரவங்கலாறு என்று தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள். அங்கிருந்து சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மலையிறங்கி வருகிறவர்களுக்கு முதல் பட்டணம் சின்னமனூர். வெளியூர்க்காரர் மேகமலைக்குப் படம் எடுக்கப் போகிறார். உள்ளூர்ப் பிள்ளைக்கு அது, வகுப்புத் தோழனின் சித்தப்பா கொழுந்து எடுக்கப் போகிற இடம்.

ஊரைப் பற்றி ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு எழுதிவைப்பது சின்னமனூருக்குப் புதிதும் அல்ல. பாண்டியர் வரலாற்றைத் தொகுத்தவர்களுக்கு வேள்விக்குடிச் செப்பேட்டோடு பெருந்துணையாக நின்றவை சின்னமனூர்ச் செப்பேடுகள். பெரிய செப்பேடு ராஜசிம்ம பாண்டியன் காலத்தது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் இருக்கிறது. மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் மதுரையில் சங்கம் நிறுவியதையும் பாண்டியரின் பெருமையாகச் சொல்லும் செப்பேடு அதுதான். கல்வெட்டுகளில் இவ்வூரின் பெயர் அரிகேசரிநல்லூர். பொதுவாக நிலக்கொடைச் செப்பேடுகளில் மன்னர் புகழைத் தாண்டினால் நான்கெல்லை வரும்: இந்த வாய்க்காலுக்குத் தெற்கு, அந்தக் குளக்கரைக்கு மேற்கு, இன்ன மரத்துக்கு வடக்கு. என் கண்ணுக்கு அந்தப் பகுதிதான் உயிருள்ளது. அன்றைக்கு நிலத்தில் நடந்தவர் கண்ணில் பட்டதெல்லாம் அதில் அடையாளமாகியிருக்கிறது. பிள்ளைகளிடம் ‘உனக்குப் பிடித்த இடம் எது?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘உன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வர வழி சொல்’ என்று கேட்டால் இதே போன்ற ஓர் எல்லைப் பட்டியல் கிடைக்கும்.

இந்த யோசனை என் சொந்தச் சரக்கு அல்ல. செலஸ்தேன் ஃப்ரெனே என்று பிரான்ஸில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். சத்தம் போட்டு நெடுநேரம் பாடம் நடத்த முடியாது. 1920-இல் தெற்கே பார்-சூர்-லூ என்ற மலைக்கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு வகுப்புக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தெருவில் பார்த்ததைத் தாங்களே எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அதன் பிறகு பிரிட்டனி கடலோரத்தில் த்ரேகங்க் என்ற ஊரில் ரெனே தனியேல் என்ற ஆசிரியரின் வகுப்போடு தபால் போக்குவரத்து ஆரம்பமானது. ஒரு பக்கம் மலைச்சரிவுப் பிள்ளைகள், இன்னொரு பக்கம் மீனவ ஊர்ப் பிள்ளைகள். ஒரே நாடுதான், ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி ஃப்ரெனே கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் படிக்கிறவனுக்குப் புரிய வேண்டுமே!

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்குடியிருப்பில் பாதிரியார் லோரென்ஸோ மிலானி நடத்திய பள்ளிக்கு 1963-இல் மாரியோ லோதி என்ற ஆசிரியர் வந்தார். அவருடைய வகுப்புக்கும் பார்பியானா வகுப்புக்கும் கடிதம் போய்வரத் தொடங்கியது. வகுப்பு முழுக்கச் சேர்ந்து ஒரே கடிதம். ஆளுக்குச் சில துண்டுச் சீட்டு, சீட்டுக்கு ஒரு விஷயம். ஒரே பொருளைச் சொல்கிற சீட்டுகளை ஒன்றாகக் கட்டி, வரிசைப்படுத்தி, உரக்கப் படித்து, வேண்டாத சொல்லை வெட்டித் தள்ளுவார்கள். அந்தப் பழக்கத்தில் தேறிய பிள்ளைகள்தான் 1967-இல் ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற புத்தகத்தை எழுதி, தங்களை ஃபெயிலாக்கிய கல்வி முறையையே கூண்டில் ஏற்றினார்கள். நம் வகுப்பறைக்கும் இந்த முறை பொருந்தும். எழுதத் தடுமாறுகிற பிள்ளையின் ஒரு சீட்டாவது கடிதத்தில் ஏறிவிடும். தனி ஒரு குழந்தையின் பெயரோ வீடோ வெளியே போகாது.

நம் தபால் துறையும் சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பரில் பள்ளி மாணவர்களிடமிருந்து 75 லட்சம் அஞ்சலட்டைகள் என்ற இலக்கோடு ஓர் இயக்கம் நடந்தது. பிரதமருக்கு எழுத வேண்டும். தலைப்பு, அறியப்படாத விடுதலை வீரர்கள் அல்லது 2047-இல் இந்தியா. 2017 முதல் ‘தாய் ஆக்கர்’ கடிதப் போட்டியும் நடக்கிறது. இன்லேண்டில் 500 சொல், உறையில் 1,000 சொல், பரிசுப் பணமும் உண்டு. நல்ல விஷயம்தான். பேனா பிடிக்காத கை கொஞ்சம் பிடித்திருக்கும், சிவப்புப் பெட்டி கொஞ்சம் நிறைந்திருக்கும். ஆனால் 75 லட்சம் பேர் ஒருவருக்கு எழுதினால் யாருக்குப் பதில் வரும்? போட்டிக்கு எழுதினால் வருவது மார்க்கும் பரிசும். ‘அந்த வாழைத்தாரை ஒரு ஆள் தூக்குவாரா, ரெண்டு பேரா?’ என்று திருப்பிக் கேட்க ஆளில்லாத இடத்தில் பிள்ளை மறுபடியும் ‘எழில் கொஞ்சும்’ பக்கம்தான் போகும்.

சரி, சின்னமனூர் வகுப்பு யாருக்கு எழுதுவது? ஜப்பானுக்கு, ஜெர்மனிக்கு என்று பெரிய பள்ளிகள் செய்கின்றன. ‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஜோடி சேர்த்தது ஜம்மு காஷ்மீர். பள்ளத்தாக்கிலிருந்து பள்ளத்தாக்குக்கு எழுதலாம், திராட்சைக்கு ஆப்பிள். என் விருப்பம் அவ்வளவு தூரம் போகவில்லை. குமுளி ஏறினால் போதும்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தபால் எண் 685-இல் தொடங்கும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஜீப்பாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்கள் போகிறார்கள். நம் வாழைத்தாரும் காய்கறியும் மலையேறுகின்றன. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற தமிழ்வழிப் பள்ளிகளும் வகுப்புகளும் அங்கே உண்டு. ஆக, மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியதில்லை. எழுதுவதற்கு விஷயமும் தேட வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் ஒரே அணையைத்தான் எழுதப்போகிறார்கள்.

சின்னமனூர்ப் பிள்ளைக்கு முல்லைப் பெரியாறு அணை என்றால் பென்னிகுக். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழவேண்டிய பெரியாற்றை மறித்து, சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டவர். 1895-இல் அணை திறந்தது. லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, வீடுகளில் படம் மாட்டியிருக்கிறது, பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைக்குப் பெயராகவும் வைக்கிறார்கள். நீர் இருப்பும் மழையும் ஒத்துழைத்தால் ஜூன் 1-ஆம் தேதி தண்ணீர் திறப்பு. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அதுதான் உயிர். ‘எனக்குப் பிடித்த இடம்’ என்று எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப்பேர் இதைத்தான் எழுதுவார்கள்.

அதே அணைக்குக் கீழே, ஆறு இயல்பாக இறங்குகிற பக்கத்தில் வல்லக்கடவும் வண்டிப்பெரியாரும் உப்புதராவும் இருக்கின்றன. நீர்மட்டம் ஏறி உபரி மதகைத் திறந்தால் தண்ணீர் அந்த ஊர்கள் வழியாகத்தான் இடுக்கி நீர்த்தேக்கத்துக்குப் போகும். அங்கே வளர்கிற பிள்ளைக்கு அணை என்றால் 136, 140, 142 என்று டி.வி.யில் ஓடுகிற எண்கள். பெரியவர்கள் தூங்காத ராத்திரிகள். 2011 டிசம்பரில் அணைத் தகராறால் எல்லையில் பதற்றம் ஏறி, குமுளிப் பாதை அடைபட்டு, தோட்ட வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் பயந்து மலையிறங்கியதை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மறக்கவில்லை. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தாலும் பேச்சு ஓயவில்லை. இன்று உயர்நிலைப் பள்ளியில் இருக்கிற பிள்ளைகள் அந்த டிசம்பருக்குப் பின்னால் பிறந்தவர்கள், அல்லது அப்போது தொட்டிலில் இருந்தவர்கள். பெரியவர்கள் சொல்லித்தான் அவர்களுக்கு அந்தச் சண்டை தெரியும். எதிர்ப்பக்கத்துப் பிள்ளை ஒன்று நேரில் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

இதைச் சொன்னால் ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வம்பு எதற்கு, அருவியையும் கோயிலையும் எழுதிவிட்டுப் போகலாமே என்பார்கள். அணை பலமானதா, பலவீனமானதா என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு நிபுணர் குழுக்கள் இருக்கின்றன. கடிதத்தில் கேட்க வேண்டியவை வேறு. ‘மதகு திறக்கப்போறாங்கன்னு உங்களுக்கு யாரு வந்து சொல்லுவாங்க? அன்னைக்கு ஸ்கூல் உண்டா?’ என்று இங்கிருந்து ஒருத்தி கேட்கட்டும். ‘ஜூன்ல தண்ணி வரலேன்னா உங்க அப்பா என்ன வேலைக்குப் போவார்?’ என்று அங்கிருந்து ஒருவன் கேட்கட்டும். இரண்டுக்கும் பதில் எழுத எந்தப் பாடநூலும் உதவாது, வீட்டில் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

செலவு பெரிதில்லை. இருபது கிராம் வரை ஐந்து ரூபாய் உறை. பெறுநர் இடத்தில் தலைமையாசிரியர், அதற்குக் கீழே ‘ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள்’. மாதம் ஒரு கடிதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கல்வியாண்டுக்குப் பத்து உறை. இடுக்கியில் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டில் கடிதங்கள் போய்வந்தால் நல்லது. அதனால் ஜூன் முதல் வாரமே முதல் கடிதத்தைப் போட்டுவிட வேண்டும்.

(தொடரும்)