விடைபெறும் வாசல் – 9: அறச்செயலுக்கும் அளவுகோல் வேண்டும்

மருத்துவமனை ஒன்றின் தரத்தை எடைபோட வழக்கமாகப் பயன்படும் கணக்குகள், இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றை மதிப்பிட முனையும்போது கைகொடுப்பதில்லை. குணமடைந்து வீடு திரும்பியோர் எத்தனை பேர், அறுவைக்குப் பின் உயிரிழந்தோர் எத்தனை பேர் என்னும் எண்கள் பொது மருத்துவமனையின் திறனை ஓரளவு காட்டிவிடும். ஆனால் நோயை இனி மாற்ற இயலாது என்று தெளிந்த பிறகு வருவோரையே ஏற்கும் இல்லத்தில் ஏறத்தாழ அனைவரும் இறந்தே போவர் என்பதால், அங்கே இறப்பு விகிதம் நல்ல இல்லத்தையும் மோசமான இல்லத்தையும் பிரித்துக் காட்டாது. அதைவிடப் பெரிய இடர்ப்பாடு, அச்சேவையைப் பெற்றவர் பின்னர் வந்து சான்று சொல்ல இருக்கமாட்டார் என்பது. உயிரோடிருக்கும் நாட்களிலும் அவர் பேசத் தெம்பற்றவராகவும், தம்மைத் தாங்கும் கைகளையே முற்றும் நம்பியவராகவும் இருப்பதால், குறை சொல்லும் நிலையில் இருப்பதில்லை.

இத்தகைய இல்லத்தைக் குறிக்கும் ஹாஸ்பிஸ் என்னும் சொல்லின் லத்தீன் மூலம் விருந்தோம்பலைக் குறிப்பது. இடைக்கால ஐரோப்பாவில் அது நெடுவழி நடந்த யாத்திரிகர் இளைப்பாறும் சத்திரத்தின் பெயராக இருந்தது. அந்தப் பொருளை அலிபிரிக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. திருமலைக்கு நடந்து செல்வோர் ஏறும் சுமார் 3,550 படிகள் தொடங்கும் அந்த அடிவாரத்தைச் சுற்றித்தான், கடந்த முப்பது ஆண்டுகளில் திருப்பதியின் மருத்துவ நிறுவனங்களும் வளர்ந்துள்ளன. அலிபிரி சாலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவோடு ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் 1993 முதல் இயங்கிவருகிறது. தேவஸ்தானம் அளித்த நிலத்தில் டாடா அறக்கட்டளைகள் எழுப்பிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா புற்றுநோய் சிகிச்சை மற்றும் உயர் ஆராய்ச்சி நிலையத்துக்கு 2018 ஆகஸ்ட் 31 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2022 மே 5 அன்று திறப்பு விழா நடைபெற்றது. புற்றுநோய் மருத்துவம் வேரூன்றும் ஊரில் இறுதிக்காலப் பராமரிப்பின் தேவையும் கூடவே எழுகிறது. ஏனெனில் இந்தியாவில் அந்நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே கண்டறியப்படுகிறது. சித்தூர், புத்தூர், நகரி, குப்பம் ஆகிய பகுதிகளில் தெலுங்கரும் தமிழரும் கலந்து வாழ்வதாலும், திருத்தணி, வேலூர்ப் பக்கத்து மக்களுக்கு இவ்வூர் பழகிய இடம் என்பதாலும், இத்தேவை இரு மொழிகளிலும் வந்து கதவைத் தட்டுகிறது.

தேவஸ்தானம் நடத்தும் அறக்கட்டளைகளுள் ஒன்று, உயிருக்கு ஆபத்தான நோயுற்ற ஏழைகளின் சிகிச்சைக்கு உதவும் பிராணதான அறக்கட்டளை. உயிரைக் கொடையாக அளித்தல் என்று பொருள்படும் அப்பெயரின் எதிர்க்கரையில் நிற்பது இறுதிக்காலப் பராமரிப்பு: உயிரை நீட்டித்துத் தர இயலாத இடத்தில், எஞ்சிய நாட்களை வலியின்றியும் மானத்தோடும் வாழ வழிசெய்வது அதன் கடமை. இந்தியாவில் இப்பணியைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களே கட்டணமின்றிச் செய்கின்றன. 1986-இல் மும்பையில் தொடங்கப்பட்ட சாந்தி அவேத்னா ஆசிரமமும், பெங்களூரின் கருணாஸ்ரயாவும் அவ்வழியில் வந்தவை. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைக் குறைகூறுதல் நன்றிகெட்ட செயல் என்னும் எண்ணம் சமூகத்தில் ஆழப் பதிந்துள்ளதால், இத்தகைய இல்லங்களின் தரம் பற்றிய கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலேயே போய்விடுகிறது. ஆனால் கொடுப்பவரின் கருணை எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அது நோயாளியின் வலியைத் தானாகக் குறைத்துவிடாது. வலியைக் குறைப்பது பயிற்சியும், மருந்தும், முறையான பதிவேடும் ஆகும். அறச்செயல் என்பதாலேயே அதற்கு அளவுகோல் வேண்டும், ஏனெனில் அறத்தின் பெயரால் நடக்கும் பிழையை எதிர்த்துக் கேட்பார் எவரும் இல்லை.

அளவுகோலின் மூன்று முகங்கள்

மருத்துவச் சேவையின் தரத்தை அளப்பதற்கு இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் வகைப்பாட்டை, பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவ அறிஞர் அவெடிஸ் டோனபேடியன் 1966-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார். சேவை தருவதற்கு வேண்டிய ஆட்கள், மருந்துகள், இடம் ஆகியவற்றைக் குறிக்கும் அமைப்பு, அவற்றைக் கொண்டு நாள்தோறும் உண்மையில் செய்யப்படுவதைக் குறிக்கும் செயல்முறை, அதனால் நோயாளிக்கு நேர்ந்த நன்மை தீமையைக் குறிக்கும் விளைவு என்பன அவ்வகைப்பாட்டின் மூன்று கூறுகள். கட்டடத்தையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பும் பார்வையாளர் முதற்கூற்றின் ஒரு சிறு பகுதியை மட்டுமே கண்டவராகிறார் என்பதை இவ்வகைப்பாடு தெளிவாக்குகிறது.

அமைப்பைப் பொறுத்தவரை, இந்தியச் சூழலுக்கென்றே வகுக்கப்பட்ட ஒரு குறைந்தபட்சத் தரநிலைக் கருவி உள்ளது. மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் நிறுவிய திருவனந்தபுரத்துப் பாலியம் இந்தியா அமைப்பு, நாட்டின் பல ஆதரவு சிகிச்சைக் குழுக்களைக் கூட்டி அதை உருவாக்கியது. குறைந்தது பத்து நாள் நேரடிப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரும் செவிலியர் ஒருவரும் இருத்தல், வலியை அளவுகோல் கொண்டு அளந்து எழுதிவைத்தல், மார்ஃபின் போன்ற வலுவான வலிநிவாரணி இடைவிடாமல் கிடைத்தல், அதன் இருப்புக்கும் வழங்கலுக்கும் கணக்கு வைத்தல் ஆகியவை அதில் இன்றியமையாதவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை என்பது கவனத்துக்குரியது. சிறு ஊரில் இரண்டு அறைகளில் நடக்கும் இல்லமும் இவற்றை நிறைவேற்ற முடியும், பளிங்குத் தரையிட்ட இல்லமும் இவற்றில் தவற முடியும்.

மார்ஃபின் என்னும் உரைகல்

மேற்கண்ட பட்டியலில் ஒன்றை மட்டும் தேர்ந்து சோதிக்க வேண்டுமாயின், அது வாய்வழி மார்ஃபினாகவே இருக்க வேண்டும். 1986-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புற்றுநோய் வலிநிவாரணப் படிமுறையில், எளிய மருந்துகளுக்கு அடங்காத கடும் வலிக்கு உரிய மூன்றாம் படியில் அம்மருந்தே வைக்கப்பட்டது. மருந்துக்கெனச் சட்டப்படி அபினைப் பயிரிடும் மிகச் சில நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. எனினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த பல உரிமங்களும் கடும் தண்டனைகளும் மருந்தகங்களை அஞ்சவைத்ததால், அதன் பிறகு மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு நாட்டில் பெரிதும் சரிந்தது. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒருவரின் ஒப்புதலிலேயே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் அம்மருந்தை வாங்கி வழங்க வழி பிறந்தது. ஆகவே இன்று ஓர் இல்லத்தில் மார்ஃபின் இல்லையெனில், சட்டத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. அந்த ஒப்புதலைப் பெற இல்லம் முயன்றதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மருந்து அலமாரியில் இருப்பது அமைப்பு. அது எப்படி எழுதித் தரப்படுகிறது என்பது செயல்முறை. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பயன் ஏறக்குறைய நான்கு மணி நேரமே நிற்கும் என்பதால், வலி வந்த பிறகு கேட்டு வாங்குவதாக அல்லாமல், வலி தலைதூக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்த்துத் தரப்பட வேண்டும். இடையில் திடீரென எழும் வலிக்கெனத் தனியே ஓர் அளவும் முன்கூட்டியே குறித்து வைக்கப்பட வேண்டும். அம்மருந்து மலச்சிக்கலை உண்டாக்குவது ஏறத்தாழ உறுதி. எனவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்து எழுதப்பட வேண்டும். மருந்துச்சீட்டில் மார்ஃபின் இருந்து மலமிளக்கி இல்லாதிருப்பின், எழுதியவருக்கு இத்துறையில் பயிற்சி இல்லையோ என ஐயுறுவதற்கு அதுவே போதிய காரணமாகும். மருத்துவம் அறியாத குடும்பத்தினரும் சரிபார்க்கக்கூடிய சான்று இது.

கேட்கும் செவியும் எழுதும் கையும்

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்து நவீன இறுதிக்காலப் பராமரிப்புக்கு வித்திட்ட சிசிலி சாண்டர்ஸ், முழுமை வலி என்னும் கருத்தை வகுத்தார். உடல் நோவும், மன அச்சமும், குடும்பம் என்ன ஆகுமோ என்னும் கவலையும், வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பும் ஒன்றையொன்று வளர்க்கும் ஒரே துன்பத்தின் நான்கு முகங்கள் என்பதே அதன் சாரம். இக்கருத்தை ஏற்கும் இல்லம், வந்த முதல் நாளிலேயே நோயாளியிடம் வலியைப் பற்றி மட்டுமன்றி, திருமணமாகாத மகளைப் பற்றியும் அடகில் இருக்கும் நிலத்தைப் பற்றியும் பேசத் தொடங்கும். பேசியதைப் பதிவேட்டில் எழுதும். எழுதியதற்கு அடுத்த நாள் என்ன செய்யப்பட்டது என்பதையும் அதன் கீழேயே குறிக்கும். கேட்டது, எழுதியது, செய்தது ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் தொடர்ந்து காணப்படுவதுதான் நல்ல செயல்முறையின் அடையாளம்.

அலிபிரி போன்ற இருமொழி நிலத்தில் கேட்டல் என்பதே ஒரு தனித்திறன் ஆகிறது. எரிகிறது, குத்துகிறது, குடைகிறது, சுரீர் என்று இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது என நோயாளி தேரும் சொற்கள் வெறும் புலம்பல் அல்ல. எரிச்சலும் சுரீரென்னும் பாய்ச்சலும் நரம்பு தாக்கப்பட்டிருப்பதைச் சுட்டக்கூடும், அதற்கு மார்ஃபினோடு வேறு வகை மருந்தும் வேண்டியிருக்கும். தெலுங்கில் நொப்பி என்றால் பொதுவான வலி, மண்ட என்றால் எரிச்சல். இவ்வேறுபாட்டை உணராத செவிலியர் நகரியிலிருந்து வந்த தமிழ் மூதாட்டியின் எரிச்சலையும், பலமனேரியிலிருந்து வந்த தெலுங்கு விவசாயி சொல்லும் 'மண்ட' என்பதையும் ஒருசேர வலி என்று மட்டும் எழுதிவிட்டால், பிழையான மருந்துக்கு அங்கேயே வழி திறந்துவிடுகிறது. ஆதலால் இரு மொழியும் அறிந்த பணியாளர் எல்லா வேளையிலும் உள்ளனரா என்பதை, இப்பகுதியில், தரத்தின் அடிப்படை நிபந்தனையாகவே கொள்ள வேண்டும்.

சிறியவையாகத் தோன்றும் செயல்கள் இன்னும் சில உள்ளன. படுக்கைப்புண் வராதிருக்க ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல், வாய் வறண்டு புண்ணாகாமல் துடைத்துவிடுதல், அழுகிய கட்டியின் நாற்றத்தைக் குறைக்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் இடுதல் ஆகியவை அவற்றுள் சில. நாற்றத்துக்கு அஞ்சிப் பேரக்குழந்தைகள் அருகில் வராதிருந்த ஒருவருக்கு, மலிவான அந்த மாத்திரை குடும்பத்தையே திருப்பித் தருகிறது என்பதால், இல்லத்தின் மணம் கூட மதிப்பீட்டின் ஒரு பகுதியே. செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நோயாளியின் விருப்பத்தை அவர் தெளிவோடிருக்கும்போதே கேட்டு எழுதுவதும் இதில் அடங்கும். முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று சட்ட ஏற்பு வழங்கி, அதன் நடைமுறையை 2023-இல் எளிதாக்கியுள்ளது.

விளைவை யாரிடம் கேட்பது

இறந்தவர் சான்று சொல்ல இயலாது என்னும் தொடக்கச் சிக்கலுக்கு இரு வழிகளில் விடை காணப்பட்டுள்ளது. நோயாளி உயிரோடிருக்கும்போதே அவர் வாயிலாகத் துன்பத்தை எண்ணாக்கிப் பதிவது முதல் வழி. கனடாவின் எட்மன்டன் நகரில் உருவாகி 1991-இல் வெளியான அறிகுறி மதிப்பீட்டு முறை வலி, களைப்பு, குமட்டல், மூச்சுத்திணறல், பசி, அச்சம், மனச்சோர்வு உள்ளிட்ட ஒன்பதையும் சுழியம் முதல் பத்து வரையான அளவில் கேட்கிறது. சேர்ந்த நாளில் எட்டாக இருந்த வலி மூன்றாம் நாளில் மூன்றாகியதா என்பதைக் காட்டும் ஒரு தாள், நன்கொடையாளர் புகழுரைகள் நிறைந்த ஏட்டைவிட நம்பத்தக்க சான்று. இறப்புக்குப் பின் குடும்பத்தைக் கேட்பது இரண்டாம் வழி. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டின்கீழ் இயங்கும் ஹாஸ்பிஸ்களைப் பற்றி 2015 முதல் இத்தகைய கேள்வித்தாள் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டு, முடிவுகள் பொதுமக்கள் ஒப்பிட்டுப் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. அழைத்தபோது உதவி உரிய நேரத்தில் வந்ததா, வலிக்குப் போதிய நிவாரணம் கிடைத்ததா, வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை கற்றுத்தரப்பட்டதா என்பன அதன் வினாக்கள். துக்கம் சற்றுத் தணிந்த பிறகு, சேவை செய்தவரே நேரில் கேட்காமல் வேறொருவர் கேட்கும்போதுதான் நன்றியுணர்வின் திரை விலகி உண்மை வெளிப்படும். இந்திய இல்லங்கள் செலவின்றிக் கைக்கொள்ளத்தக்க முறை இது.

வீட்டிலேயே உயிர் பிரிய வேண்டும் என விரும்புவோர் மிகுதியாதலால், இல்லத்தின் சுவர்களுக்கு வெளியேயும் மதிப்பீடு நீள வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறல் மிகும்போது தொலைபேசியை எடுப்பவர் உண்டா, எடுப்பவர் அந்நோயாளியின் பதிவேட்டைப் பார்க்கக்கூடியவரா, வீட்டில் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று குடும்பத்துக்கு முன்பே எழுதித் தரப்பட்டுள்ளதா என்பவை இன்றியமையாத வினாக்கள். உயிர் பிரிந்த பின்னும் கடமை முடிவதில்லை: வீட்டில் நேர்ந்த இறப்புக்கு மருத்துவச் சான்று கிடைத்தால்தான், 21 நாட்களுக்குள் பதிவு செய்யும் வேலையில் குடும்பம் அலைக்கழியாதிருக்கும், சில வாரங்கள் கழித்து எஞ்சியோரை ஒருமுறை சென்று காண்பதும் பராமரிப்பின் அங்கமே.

இல்லம் ஒன்றைத் தேடிச் செல்லும் குடும்பம் இவ்வளவையும் ஆராய இயலாது. ஆனால் நான்கு கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கலாம். வாய்வழி மார்ஃபின் இன்று இருப்பில் உள்ளதா, வலியை எழுதிவைக்கும் தாளைக் காட்ட இயலுமா, இரவில் அழைத்தால் யார் வருவார், நோயாளியின் மொழியில் பேசுபவர் யார் என்பவையே அவை. நல்ல இல்லம் இக்கேள்விகளால் புண்படாது. தான் நாள்தோறும் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் என்பதால் உடனே விடை தரும். சத்திரத்தில் தங்கிய யாத்திரிகர் மறுநாள் எழுந்து, இரவு பட்ட குறையைச் சொல்லிவிட்டு மலையேறலாம். இச்சத்திரத்தில் தங்குவோருக்கு அந்த மறுநாள் இல்லாததால், அவர்களுக்காகக் கேட்க வேண்டிய பொறுப்பு இருப்போருடையது.

அடுத்த இதழில்: கேரளத்தின் அண்டை வீட்டார் வலைப்பின்னலும், தமிழகத்தின் மக்களைத் தேடி மருத்துவமும்.

(தொடரும்)