வலமா, இடமா?

ஓடிவந்து அந்தரத்தில் எழும்பும் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை, உடலை முறுக்கிச் சுழல்வது பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான். வலக்கைப் பழக்கமுள்ளோர் யாவரும் ஒரே பக்கம் திரும்புவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுள் இரு சாராரும் உண்டு. பக்கவாட்டில் கரணமிட எந்தக் கையை முதலில் ஊன்றுவது, எப்பக்கம் திரும்புவது என்பதெல்லாம் சிறுவயதிலேயே படிந்துவிடுகிறது. பின்னர் பல்லாயிரம் முறை செய்யும் பயிற்சி அதனை இறுக்கிவிடுகிறது.

சுழற்சியை உணர்த்துபவை ஒவ்வோர் உட்செவியிலும் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள். இருபுறச் சுழற்சியையும் அவை உணர்த்தவே செய்கின்றன. ஆனால், அச்செய்தியை நொடிக்குள் பொருள்கொள்ள மூளை பழகியிருப்பது ஒரு பக்கத்திற்கே. அவசரப்பட்டுப் பக்கத்தை மாற்றும்படி வற்புறுத்துவது ஆபத்து. தரை எங்கே என்பதே புலப்படாமற் போகலாம்.

பழகிய பக்கத்திலேயே அவ்வுணர்வு தவறுவதும் உண்டு. 2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ், இரண்டரைச் சுற்று சுழல எழும்பி ஒன்றரையிலேயே தரையிறங்கினார். அணிப் போட்டியிலிருந்து விலகினார். கோழைத்தனம் என்றனர் சிலர். கழுத்து முறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! ஆகஸ்ட் 3 அன்று சமநிலைக் கட்டையில் அவர் வெண்கலம் வென்றபோது, இறங்கும் கரணத்திலிருந்து முறுக்குச் சுழற்சியை அறவே நீக்கியிருந்தார்.