அப்பாவும் பிள்ளைகளும் அல்ல: குழந்தைகளுக்குக் கூட்டாட்சி

கூட்டாட்சியைக் குழந்தைகளுக்குச் சொல்ல நினைக்கிறவர்களுக்குச் சட்டென்று கைக்கு வருவது குடும்ப உருவகம். மத்திய அரசு அப்பா, மாநிலங்கள் பிள்ளைகள். இதை வெறும் எளிமைப்படுத்தல் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. இதற்குள் ஓர் அதிகாரச் சொல்லாடல் இயங்குகிறது. அப்பா கொடுப்பார், பிள்ளை வாங்கிக்கொள்ளும், மேலே கேட்டால் அடம். ஆனால் மாநிலத்தின் அதிகாரம் யாரும் பார்த்துக் கொடுத்த காசு அல்ல. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று வேலைகளைப் பிரித்தே எழுதியிருக்கிறது.

கீழ்பென்னாத்தூரில் சில பிள்ளைகளிடம் 'ஒன்றிய அரசு' என்று சொன்னபோது, "ஒன்றியம்னா பி.டி.ஓ. ஆபீசுதானே சார்?" என்றாள் ஒருத்தி. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். பல ஊராட்சிகள் சேர்ந்தது ஊராட்சி ஒன்றியம். பல மாநிலங்கள் சேர்ந்தது இந்திய ஒன்றியம். அரசியல் சட்டத்தின் முதல் பிரிவும் 'மாநிலங்களின் ஒன்றியம்' என்றுதான் சொல்கிறது. 'மத்திய' என்றதுமே ஒரு மையமும் அதற்கு விளிம்பும் வந்துவிடுகின்றன.

அடுத்தது தெரு. விளக்கு எரியலன்னா பேரூராட்சி. திருட்டுப் போனா போலீஸ், அது மாநிலம். தபால் வரலன்னா ஒன்றியம். ஒரே தெருவில் மூன்று அரசுகள். எதற்கு யாரைக் கேட்பது என்று தெரிந்துகொள்வதே பாதிக் கூட்டாட்சி.

மீதிப் பாதி சோற்றுத் தட்டில் இருக்கிறது. 1956இல் காமராஜர் ஆட்சியில் இங்கே பள்ளி மதிய உணவு தொடங்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். நாடு முழுவதற்குமான திட்டம் 1995இல்தான் வந்தது. டெல்லி சொல்லட்டும் என்று காத்திருந்தால் 39 வருஷம் பட்டினி. 2022இல் தொடங்கிய காலை உணவும் மாநிலத்தின் முடிவுதான். ஒருவர் முதலில் செய்து பார்க்கலாம், மற்றவர்கள் அதிலிருந்து கற்கலாம்: இதைச் சாப்பிடுகிற பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டமில்லை.

"ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா?" வரும். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25க்கான பள்ளிக் கல்வி நிதி நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அப்பாவை எதிர்த்து வழக்குப் போடும் பிள்ளையை நம் குடும்பக் கதைகள் 'ஊதாரி' என்கும். கூட்டாட்சியில் அது முறையான வழி.

ஆனால் ஒன்றியமும் முழுச் சமத்துவம் அல்ல என்பதை மறைக்கக் கூடாது. 2019இல் ஜம்மு காஷ்மீர் என்ற மாநிலம் அதன் சட்டமன்றத்தைக் கேட்காமலே இரண்டு யூனியன் பிரதேசங்களாக்கப்பட்டது.

இங்கே நாம் நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்ட சட்டமன்றம் நம்முடையது. உள்ளாட்சி என்று வரும்போது சென்னையே அப்பாவாகிவிடுகிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடையில் அதிகாரிகள் ஆண்டார்கள். அந்த ஐந்து வருஷத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தன் தெருவிளக்குக்காகக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இல்லாமலே ஐந்தாம் வகுப்பு வரை வந்தது. டெல்லியிடம் நாம் கேட்கிற கேள்வியை அந்தப் பிள்ளை நம்மிடம் கேட்கக் கற்றுக்கொண்டால்தான் பாடம் முழுமை.